காணியை மேட்டுக்கு ஏற்றிய கோடை

மண்ணைப் பற்றி என்னிடம் பேசி ஜெயித்தவர் யாரும் இல்லை. நான் படித்தது மூன்றாம் வகுப்பு, அதுவும் முழுதாக இல்லை. ஆனால் பாப்பிரெட்டிப்பட்டி பக்கம் வீடு கட்டுகிறவர், கிணறு வெட்டுகிறவர், தோட்டம் போடுகிறவர் எல்லாரும் இன்றைக்கும் என்னிடம்தான் முதலில் வருகிறார்கள். என் வாசலில் நிற்கிற டிப்பர் லாரிகளுக்கெல்லாம் பாட்டன் ஒரு ஜோடி மாடும் ஒரு கட்டை வண்டியும். அந்த வண்டி எனக்கு மாமனார் கொடுத்ததில்லை, அப்பன் விட்டுப்போனதும் இல்லை. தொப்பூர்க் கணவாயில் ரோட்டுக்கு ஜல்லி உடைத்து, உள்ளங்கைத் தோல் காய்ந்து மரக்கட்டை போலானபிறகு நானாக வாங்கினது.

அந்த வண்டிதான் எனக்குப் பள்ளிக்கூடம். என் கண்ணைக் கட்டி வண்டியில் உட்காரவைத்தால்கூட, சக்கரம் போடுகிற சத்தத்தைக் கேட்டு எந்த இடத்தில் போய்க்கொண்டிருக்கிறோம் என்று சொல்லிவிடுவேன். எங்கள் ஆறு சித்தேரி மலையில் பிறந்து கீழே இறங்கிவருகிறது. மலை மேலே இலை மக்கிப்போன கறுத்த மண். அங்கே வண்டி ஏறாது. கடுக்காயும் நெல்லிக்காயும் புளியும் மூங்கிலும் தலைச்சுமையாகக் கீழே வரும், அடிவாரத்தில் நின்று நான் ஏற்றிக்கொள்வேன். அடிவாரம் முழுக்கச் சரளை கலந்த செவல் மண். சக்கரம் அதன் மேல் ஏறினால் பல்லைக் கடிப்பதுபோல நறநறவென்று சத்தம் வரும். அந்த மண்ணில் உசிலை நிற்கும், ஆவாரை நிற்கும், விராலி நிற்கும், கள்ளி நிற்கும். வேர் பாறையைத் தேடிப் பிடித்துக்கொண்டு, வெயிலைச் சட்டை பண்ணாமல் நிற்கிற கூட்டம் அது. கொஞ்சம் கீழே இறங்கினால் இடையிலே ஒரு கரிசல் துண்டு வரும். மழை பெய்துவிட்டால் அந்த மண் சக்கரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விடாது, மாடு முட்டி போடும். அங்கே வேலமரத்தைத் தவிர வேறொன்றும் தைரியமாக நிற்காது. அதையும் தாண்டினால் ஆற்றங்கரை வண்டல். அதில் சக்கரம் ஏறியதும் சத்தம் அப்படியே அடங்கிப்போகும். உஸ் என்று ஒரு மூச்சு, அவ்வளவுதான். தலைக்கு மேலே நீர்மருதும் நாவலும் புங்கனும், இரண்டு பக்கமும் நாணலும் நொச்சியும். மாடே தானாக நடையைக் குறைக்கும்.

அந்த வண்டலில்தான் என் வீட்டுக்காரியின் காணி இருந்தது.

எங்கள் பக்கம் பெண்ணைக் கட்டிக்கொடுக்கும்போது வசதி உள்ளவர்கள் ஒரு துண்டு நிலத்தை அவள் பேருக்கு விடுவார்கள். மஞ்சக்காணி என்று அதற்குப் பேர். புருஷன் வீட்டில் யார் கையையும் எதிர்பார்க்காமல் அவள் பூசுகிற மஞ்சளுக்காவது அவள் நிலம் இருக்கட்டும் என்று கொடுப்பது. நாங்கள் கோயிலுக்குப் போய் மோதிரம் மாற்றிக்கொள்கிற கிறிஸ்தவக் குடும்பங்கள்தான், ஆனாலும் இந்த வழக்கத்தை விட்டதில்லை. ஜல்லி உடைக்கிறவனுக்கு எதற்குப் பெண் என்று சொந்தக்காரர்கள் கேட்டபோது, அவன் உடைக்கிற கல்லைப் பார்த்தீர்களா, ஒன்றுபோல இருக்கிறது என்றாராம் மாமனார். அந்த ஒரு வார்த்தைக்காக அவரை இன்றும் நினைக்கிறேன். அவர் மகளுக்குக் கொடுத்த காணி மருத மரத்தடியில் தொடங்கி ஆற்றின் விளிம்பில் போய் முடிகிற ஒரு நாக்குப் போன்ற நிலம். சின்னதுதான். ஆனால் அதில் மஞ்சள் போட்டால் கிழங்கு தடியாகக் கையைப் போல விரித்துக்கொண்டு வரும். தோண்டுகிற அன்றைக்கு அந்த வாசனை மாட்டுக்கொட்டகை வரைக்கும் வரும்.

எண்பதுகளின் தொடக்கத்தில் எங்கள் ஆற்றின் குறுக்கே அணை கட்டுகிற வேலை நடந்தது. அணை வேண்டும் என்று கேட்டவர்களில் நானும் ஒருவன், அதை இன்றைக்கும் மாற்றிச் சொல்லமாட்டேன். கீழே எத்தனையோ ஊர் அதில் விளைகிறது. கரைக்கு மண்ணடித்த வண்டிகளில் என் வண்டியும் ஒன்று. கரையின் நடுவயிற்றுக்குக் கரிசல் களிமண், இரண்டு பக்கத்துக்கும் சரளைச் செவல் என்று சொன்னார்கள். அது எங்கே நல்லதாகக் கிடைக்கும் என்று எனக்குத் தெரியும், காட்டினேன், அள்ளினார்கள். அந்த அணையில் பாதி என் கண்ணுக்குத் தெரிந்த மண் என்று நான் சொன்னால் மிகையாக நினைக்காதீர்கள். தண்ணீர் எதுவரை ஏறும் என்று அடையாளக் கல் நட்டுக்கொண்டு வந்தார்கள். கல் காணியைத் தாண்டி மேலே போய் விழுந்தது. காணி தண்ணீருக்குள்.

நான் கலங்கவில்லை. அடிவாரத்தில் எவனும் சீந்தாத மேட்டுக்கொல்லை ஒன்று கிடந்தது. மழையை நம்பிக் கிடக்கிற நிலத்தை எங்கள் பக்கம் கொல்லை என்போம். முழுக்கச் சரளை, உசிலை மரமும் கள்ளியும். அதை வாங்கி, கல்லைப் பொறுக்கி வரப்பாக அடுக்கி, கிணறு தோண்டி, ஆயில் எஞ்சின் வைத்து, ஓட்டு வீடும் கட்டிவிட்டேன். எங்கள் வம்சத்தில் ஓட்டு வீடு கட்டியவன் நான்தான் முதல். கட்டி முடித்ததும் அவளைக் கூட்டிவரப் போனேன். நான் மேட்டில் கட்டட வேலையாகக் கிடந்ததால் அவள் அப்போது ஆற்றங்கரை ஊரில் அவள் அண்ணன் வீட்டில் இருந்தாள்.

வரமாட்டேன் என்றுவிட்டாள். கோபமாகச் சொல்லவில்லை. முறத்தில் கம்பு புடைத்துக்கொண்டே சொன்னாள்.

"அது உங்க மேடு. நீங்க போயி இருங்க. எங்கப்பன் குடுத்த மண்ணு இங்க கெடக்குது."

மண் தண்ணீருக்குள் போகப்போகிறதே என்றேன். போகிற அன்றைக்கு அதன் கரையில் உட்கார்ந்து பார்த்துக்கொள்கிறேன் என்றாள். வீட்டின் அழகைச் சொன்னேன், கிணற்றைச் சொன்னேன், எஞ்சினைச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அங்கே மஞ்சள் விளையுமா என்று மட்டும் கேட்டாள். நான் பொய் சொல்லிப் பழகாதவன். செவல் சரளையில் எங்கே மஞ்சள் விளையும்.

அவள் இல்லாமல் அந்த ஓட்டு வீட்டில் நான் இருந்த நாட்களைப் பற்றி அதிகம் சொல்லமாட்டேன். காலையில் எழுந்தால் கீழே ஆற்றுப் பக்கம் மரங்களின் வரிசை பச்சைக் கோடு போலத் தெரியும். அதில் எது மருதமரம் என்று தேடிக்கொண்டு நிற்பேன். மாட்டுக்குத் தண்ணீர் காட்டக்கூட மறந்துபோயிருக்கிறேன்.

ஒருநாள் டீக்கடையில் மச்சான், அதாவது அவள் அண்ணன், பத்துப் பேர் மத்தியில் என்னை வம்புக்கு இழுத்தான். வீடு கட்டிவிட்டாய், குடியிருக்க ஆள் இல்லையே என்று. எனக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது.

"அவ வரமாட்டா. அவ மண்ணு வந்தா வருவா இல்ல? மண்ணு ஏத்தறதுதான எம் பொழப்பு. இந்தக் கோடையிலயே காணிய மேட்டுக்கு ஏத்திக் காட்டறேன்."

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். மச்சான் சிரிக்கவில்லை. டீயை ஆற்றிக்கொண்டே, "ஏன் மாப்ள, அப்பிடியே ஆத்தையும் சுருட்டி ஏத்திக்கிட்டு போயேன், எடம் மிச்சமாவும்" என்றான்.

எங்கள் பக்கம் ஏரி வற்றினால் வண்டல் எடுத்து நிலத்துக்கு அடிப்பது எல்லாரும் செய்கிற வேலை. ஆனால் ஒரு நிலத்தையே பெயர்த்து இன்னொரு இடத்தில் வைப்பது யாரும் செய்ததில்லை. தண்ணீர் வருவதற்குள் மேல்மண்ணை எடுத்துக்கொள்ளலாமா என்று அணை வேலையைப் பார்த்த அதிகாரியைக் கேட்டேன். தாராளமாக எடுத்துக்கொள், தண்ணீருக்கு இடம் கூடும் என்றார். ஈஸ்டர் என்கிற உயிர்ப்புத் திருநாள் முடிந்த மறுநாளே வண்டியைப் பூட்டிவிட்டேன்.

சேதி கேட்டு அவளே மண்வெட்டியோடு வந்து காணியில் நின்றாள். முதலில் நம்பவில்லை. நான் ஒரு வண்டி ஏற்றி, மேட்டில் கொட்டிவிட்டுத் திரும்பி வந்த பிறகுதான் சேலையை இழுத்துச் செருகினாள். அதற்குப் பிறகு நான் வண்டிக்காரன், அவள் மேஸ்திரி. மருதமரத்தடி மண் முதலில் போகவேண்டும். வடக்கு மூலை மண் வடக்கு மூலைக்கே போகவேண்டும். ஆற்றோரத்தில் கொஞ்சம் மணல் கலந்த இடம் உண்டு, அது அங்கேயும் ஓரத்திலேயே விழவேண்டும். எந்த வண்டியில் எந்த மூலை மண் ஏறியது என்று மறந்துவிட்டு நான் கொட்டினால், அடுத்த நடைக்கு வரும்போது என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவாள். மனுஷனை மாற்றிப் புதைத்தது மாதிரி பேசுவாள்.

அந்தக் கோடை முழுக்க ஏறினது ஏற்றம்தான். வண்டலில் அமுங்கி, கரிசலைத் தாண்டி, சரளையில் நறநறத்து ஏறும்போது மாடு நுரை தள்ளும். நான் வண்டிக்குப் பின்னால் தோள் கொடுத்துத் தள்ளுவேன். என்னைப் போல உழைத்தவன் அந்தத் தாலுகாவில் இருந்ததில்லை, வேண்டுமானால் விசாரித்துப் பாருங்கள். ஆனால் அந்த வேலையில் நான் எதற்காக இன்றைக்கும் ஏங்குகிறேன் என்றால் அது உழைப்புக்காக இல்லை. ஒவ்வொரு நடையும் கீழே இறங்கும்போது வண்டி காலியாக இருக்கும். சரளைச் சத்தம் தீர்ந்து, கரிசல் தாண்டி, வண்டலில் சக்கரம் உஸ் என்று அடங்குகிற நேரத்தில், மரங்களுக்கு நடுவே அவள் கூடையைக் கவிழ்த்துப்போட்டு அதன் மேல் உட்கார்ந்துகொண்டு எனக்காகக் காத்திருப்பாள். தொண்டை நனைய மோர் இருக்கும். இரண்டு பேரும் பேசமாட்டோம். மாடு மூச்சு வாங்குகிற சத்தமும் நாணல் உரசுகிற சத்தமும்தான். கல்யாணமான நாளிலிருந்து அப்படி நாங்கள் உட்கார்ந்ததில்லை. நான் ரோடு ரோடாகக் கல்லோடு கிடந்தவன்.

கடைசி வண்டி ஏறின பிறகு மச்சான் மேட்டுக்கு வந்து பார்த்தான். வண்டலைச் சரளையோடு உழுது கலந்துவிடு, அப்போதுதான் பிடிக்கும் என்றான். எல்லாரும் அப்படித்தான் செய்வார்கள். எனக்கும் தெரியும். அவள் வரப்பில் குறுக்கே நின்றுகொண்டாள்.

"எம் மண்ண இவரு சரளையில கலந்தா அது அப்பறம் யாரு மண்ணு? அது தனியாத்தான் கெடக்கும்."

சரி என்று விட்டேன். அவளுக்காகத்தானே இத்தனையும். செவல் மேட்டின் நடுவில் அந்த மண் பழுப்பாக, நாக்கு மாதிரியே, விரித்துவைத்த கம்பளி போலக் கிடந்தது. அப்படியும் அவள் குடிவரவில்லை. அண்ணன் வீட்டுக்கே திரும்பிப் போய்விட்டாள். முளைக்கட்டும், பார்க்கலாம் என்றாள்.

கோடை மழை ஒன்று வந்து நன்றாக நனைத்துவிட்டுப் போனது. நாலைந்து நாள் கழித்துக் காலையில் பார்த்தால் மண் முழுக்கப் பச்சைப் பொடி தூவினதுபோல இருக்கிறது. நான் எதுவும் விதைக்கவில்லை. குனிந்து பார்த்தேன். கோரை. அதற்குப் பக்கத்தில் கரிசலாங்கண்ணி, பொன்னாங்கண்ணி. ஓரத்து மணலில் நாணல் குருத்து. இரண்டு இலை விட்ட புங்கங்கன்று. மருதமரத்து மண் விழுந்த மூலையில் குட்டி மருது ஒன்று, விரல் உயரத்தில். ஆற்றங்கரையே மண்ணுக்குள் ஒளிந்து வண்டியேறி வந்திருக்கிறது. உசிலையும் கள்ளியும் சுற்றி நின்று வேடிக்கை பார்க்கிற மாதிரி இருந்தது.

மாட்டைக்கூடப் பூட்டாமல் நடந்தே ஓடிப்போய் அவளைக் கூப்பிட்டேன். வந்து பார்த்தாள். குந்தி உட்கார்ந்து ஒவ்வொன்றையும் தொட்டாள். திருவிழாவில் சொந்தக்காரர்களைப் பார்த்தால் பெண்கள் தோளைத் தொட்டுக் கேட்பார்களே, அதைப்போல. அன்றைக்கு மாலையே துணிமூட்டையும் முறமும் ஏனமும் எடுத்துக்கொண்டு ஓட்டு வீட்டுக்கு வந்துவிட்டாள். என் வாழ்க்கையில் நான் எத்தனையோ வாங்கியிருக்கிறேன். அந்த மூட்டை வாசலில் இறங்கின சத்தத்துக்கு ஈடாக ஒன்றும் வாங்கினதில்லை.

ஆனால் மஞ்சள் விளையவில்லை. மச்சான் டீக்கடையில் கேலியாகச் சொன்னதுதான் நடந்தது. மண்ணை ஏற்றினேன், ஆற்றை ஏற்றவில்லை. அங்கே காணிக்குக் கீழே எப்போதும் ஈரம் ஊறிக்கொண்டு இருந்தது. இங்கே எஞ்சின் வைத்து இறைக்கிற தண்ணீரைக் கீழே இருக்கிற சரளை குடித்துவிட்டு இன்னும் கொண்டா என்றது. மேலே வண்டல் காய்ந்து வாய் பிளந்தது. மஞ்சள் இலை நுனி கருகி, தோண்டும்போது கிழங்கு சுண்டுவிரல் தடிமன்கூட இல்லை. பொன்னாங்கண்ணி போனது. நாணல் போனது. குட்டி மருதுக்கு அவள் பாத்திரம் கழுவின தண்ணீரைச் சொம்பு சொம்பாக ஊற்றிப் பார்த்தாள், அதுவும் ஒரு வெயிலில் கருகிப்போனது. அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை. புங்கன் மட்டும் பிழைத்தது, அது எங்கே போட்டாலும் பிழைக்கிற ஜாதி. கோரையும் பிழைத்தது.

ஐப்பசி மழையில் அணையில் தண்ணீர் ஏறி, கீழே பச்சைக் கோடு இருந்த இடத்தில் வெள்ளித்தகடு மாதிரி ஆகிவிட்டது. மருதமரத்தின் தலை மட்டும் கொஞ்ச காலம் வெளியே தெரிந்தது. அவள் அந்தப் பக்கம் பார்க்காமல் பாத்திரம் தேய்க்கக் கற்றுக்கொண்டாள்.

வீட்டை விட்டு அவள் போகவில்லை. அது எனக்குப் போதாதா என்றால், போதவில்லை. எதைச் சொன்னாலும் உங்க மேடு, உங்க கெணறு, உங்க வூடு என்றுதான் சொல்வாள். வந்தவர்களிடமும் அப்படித்தான். நான் கடலை போட்டு, துவரை போட்டு, மாங்கன்று வைத்து அந்த மேட்டைக் கண்காட்சி மாதிரி வைத்திருந்தேன். லாரி வாங்கினேன். பென்னாகரத்திலிருந்துகூட என் மாங்கன்றைப் பார்க்க ஆள் வந்தார்கள். அவள் வாயிலிருந்து நம்ம என்று ஒரு வார்த்தை வரவில்லை. அந்த வார்த்தைக்காக எவ்வளவு அலைந்தேன் என்று அவளுக்கே தெரியாது. ஒரு வேட்டியை மடித்துக் கொடுக்கும்போதுகூட நம்ம வேட்டி என்று சொல்லிவிட மாட்டாளா என்று பார்ப்பேன். சிரிக்கலாம், சிரியுங்கள்.

கோரை என்றால் விவசாயிக்கு ஜென்ம விரோதி. பிடுங்கப் பிடுங்கக் கிழங்கு உள்ளேயே நின்றுகொண்டு மறுபடி வரும். நான் அந்தத் துண்டைச் சுத்தம் பண்ணக் களைக்கொத்து எடுத்தால் ஏதாவது வேலை சொல்லி என்னை அனுப்பிவிடுவாள். அது அப்படியே படர்ந்து, பக்கத்துக் கொல்லைக்குள்ளும் எட்டிப்பார்த்தது. அந்தக் கொல்லைக்காரம்மா நல்ல மாதிரி, ஆனால் வாய் கொஞ்சம் நீளம். ஒருநாள் மண்வெட்டியோடு வரப்பு ஏறி வந்தாள். நான் கிணற்றுக்குள் எஞ்சின் குழாயைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். மேலே பேச்சு மட்டும் காதில் விழுந்தது.

"ஏங்க்கா, உங்க கோரை வந்து எங்கடலையத் தின்னுது. உங்க வூட்டுக்காரரு ஊருக்கெல்லாம் மண்ணு சொல்றாரு, இத வெட்டத் தெரியாதா? நகருங்க, நானே வெட்டி எறியறேன்."

"உங்கொல்லைக்கு வர்றத வெட்டிக்க. வரப்புக்கு இந்தப் பக்கம் எங்காணி. எங்காணியில மண்வெட்டிய வெச்சீன்னா அப்பறம் நான் மனுசியா இருக்கமாட்டேன்."

கொல்லைக்காரம்மா என்னவோ முணுமுணுத்துக்கொண்டு போனாள். நான் குழாயைப் பிடித்தபடியே கிணற்றுக்குள் நின்றிருந்தேன். வேலை முடிந்து வெகு நேரமாகியும் மேலே ஏறவில்லை. ஏறினால் என் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடித்துவிடுவாள். அது நான் அலைந்த நம்ம இல்லை. காணி என்கிற வார்த்தையை அவள் எனக்காகச் சொல்லவில்லை, என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டும் சொல்லவில்லை. எங்கள் மேட்டில் நின்றுகொண்டு, சரளைக்கு மேல் கிடக்கிற அந்த மண்ணைக் காணி என்றாள். நான் ஏற்றினது ஏறிவிட்டது.

மேலே வந்தபோது அவள் கோரைக்கு நடுவில் உட்கார்ந்து ஒரு கிழங்கைப் பிடுங்கி, மண்ணைத் துடைத்து மோந்துபார்த்துக்கொண்டிருந்தாள். என்னிடமும் நீட்டினாள். கோரைக்கிழங்குக்கு ஒரு வாசனை உண்டு. வண்டல் மண்ணின் ஈரமும் நாணல் தண்டும் சேர்ந்தாற்போல. மாடு மூச்சு வாங்குகிற சத்தம்கூட அதற்குள் இருப்பதுபோல எனக்குத் தோன்றியது.

பிறகு ஒரு வறண்ட வருஷத்தில் அணை வற்றியபோது நான் தனியாகப் போய்ப் பார்த்தேன். மருதமரத்தின் அடிக்கட்டை கறுத்துக் கிடந்தது. நாங்கள் மண் அள்ளின பள்ளத்தைத் தேடினேன். இல்லை. மலையிலிருந்து புது வண்டலைக் கொண்டுவந்து ஆறே அதை நிரப்பிச் சமமாக்கிவிட்டிருந்தது. வந்து அவளிடம் சொன்னேன். "அதுக்கென்ன, அது ஆத்துக்காணி" என்றாள்.

அவள் போய்ச் சில வருஷங்கள் ஆகிவிட்டன. எங்கள் கல்லறைத் தோட்டம் இருப்பது முழுச் செவல் மண்ணில். பெட்டியை இறக்கியதும் எல்லாரும் ஆளுக்கொரு கைப்பிடி மண் போடுவார்கள். அங்கே குவித்திருந்த மண்ணை நான் தொடவில்லை. கிளம்பும்போதே காணியில் கோரை படர்ந்த மூலையிலிருந்து தோள்துண்டு நிறைய மண் எடுத்து மடியில் கட்டிக்கொண்டு வந்திருந்தேன். பாதியை உள்ளே போட்டேன், மீதியை மேலே.

கல்லறைத் திருநாள் மழைக்காலத்தில் வரும். அவரவர் கல்லறையைச் செதுக்கிச் சுத்தம் பண்ணி, சுண்ணாம்பு அடித்து, பூ வைத்து, மெழுகுவத்தி ஏற்றுவார்கள். முதல் வருஷம் போய்ப் பார்த்தபோது சுற்றிலும் எல்லாம் செவேல் என்று கிடக்க, அவளுடையது மட்டும் கோரை பூத்துப் பச்சையாக நின்றது. மண்வெட்டியோடு வந்த கோயில் வேலைக்காரர், ஐயா இதைக் கொத்திவிடட்டுமா, பார்க்கிறவர்கள் கேட்பாரில்லாத கல்லறை என்று நினைப்பார்கள் என்றார்.

கேட்பார் இருக்கிறார், வரப்புக்கு இந்தப் பக்கம் வராதே என்று சொல்லி அனுப்பிவிட்டேன். மெழுகுவத்தியைக் கோரைக்கு நடுவில் ஈரத்தில் ஊன்றினேன். சாயாமல் நின்றது. வண்டல் மண் அப்படித்தான் பிடிக்கும்.